ஆளை மாற்றி நிறுத்திப் பார்

கல்மண்டபம் மீன் கடைகளில் அவருக்கு இரண்டு பெயர். எதிரே நிற்கும்போது நர்சம்மா. திரும்பி நாலு எட்டு நடந்ததும் தராசுப் பிசாசு. இரண்டையுமே மரியாதையோடுதான் சொன்னார்கள். ஒரு கடையில் சங்கரா மீன் வாங்குவார். பையில் போடுவதற்கு முன் அதைப் பக்கத்துக் கடையின் தராசில் ஒருமுறை வைத்துப் பார்ப்பார். பிறகு பக்கத்துக் கடை மீனை எடுத்து இந்தக் கடைத் தராசில் வைப்பார். அந்த மீனை அவர் வாங்கப்போவதில்லை. வெறும் நியாயத்துக்காக.

"இன்னா நர்சம்மா, எம்மேல நம்பிக்க இல்லியா?"

"உம்மேல கீது. உன் தராசு மேலதான் இல்ல."

"அப்ப அவ தராசு மேல மட்டும் கீதா?"

"அதும் இல்ல. அதான் மாத்தி வெக்கிறேன்."

கடைக்காரம்மா என்னைப் பார்ப்பார். பையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். "நீயாச்சும் சொல்லக் கூடாதா நைனா? காலங்காத்தால பேஜார் பண்ணுது" என்பார். இந்த நர்சம்மாவிடம் வேலை பார்க்கும் எனக்கும் நாள் முழுக்க இதே பேஜார்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இந்த நூற்றாண்டு புதுக்கருக்கு அழியாமல் இருந்த காலம். நான் உளவியலில் பட்டம் வாங்கி, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், கொஞ்சம் புள்ளியியலும் சேர்த்துப் படித்து, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி இருந்தது. இன்று அது கைமாறிப் பெயர்மாறிவிட்டது. அங்கே ஓர் ஆய்வுக்கு உதவியாளராக என்னை எடுத்துக்கொண்டார்கள். நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, வீடியோ கேமரா பிடிக்கத் தெரியுமா என்பது.

ஆய்வின் விஷயம் எளிமையானது. டாக்டரும் நர்சும் மருந்தாளுநரும் தனித்தனிக் கட்டடத்தில் தனித்தனியாகப் படிக்கிறார்கள். பிறகு ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். படிக்கிற காலத்திலேயே இவர்களைச் சேர்ந்து வேலை செய்யப் பழக்கினால் நோயாளி கொஞ்சம் கூடுதலாகப் பிழைப்பார் அல்லவா? பழக்கினார்கள். சரி, பழகினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளக்க வேண்டும். அதுவும் மூன்று இடத்தில் ஒரே மாதிரி அளக்க வேண்டும். எங்கள் பெரிய ஆஸ்பத்திரியின் நர்சிங் கல்லூரி ஒன்று. திருவொற்றியூரில் நடுத்தரமாக ஒன்று. எண்ணூரில், அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் ஜன்னலில் தெரியும் தூரத்தில், சொந்தமாக ஆஸ்பத்திரி கூட இல்லாத ஒரு சின்ன நர்சிங் பள்ளி. அந்தப் பள்ளிப் பெண்கள் வார்டுப் பயிற்சிக்கு எங்கள் இடத்துக்குத்தான் பஸ் ஏறி வருவார்கள்.

நர்சம்மா எங்கள் நர்சிங் கல்லூரியில் ஆசிரியை. ஊர் எண்ணூர்க் குப்பம். படித்தது அந்தச் சின்னப் பள்ளியில். வகுப்பில் அச்சடித்த மாதிரி தமிழும் ஆங்கிலமும் பேசுவார். மற்ற நேரத்தில் பேச்சு கடற்கரைக்குப் போய்விடும். ஆய்வுக்கு அவரைப் பொறுப்பாகப் போட்டதற்குக் காரணம், மற்ற யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான்.

சோதனை இப்படி. கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை நோயாளி. அதன் கேஸ் ஷீட்டில் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருக்கும். நர்சிங் மாணவிகள் இருவர், மருந்தகப் படிப்பு மாணவர் ஒருவர் சுற்றி நிற்பார்கள். நாங்கள் ஏற்பாடு செய்த ஒரு ஹவுஸ் சர்ஜன் உள்ளே வந்து, சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அப்படியே சொல்வார்: "அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள்." அந்த மூவரும் டாக்டரைத் தடுக்க வேண்டும். தடுக்கிறார்களா, எப்படித் தடுக்கிறார்கள், ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஆசிரியர்கள் நாலு பேர் சுவரோரம் உட்கார்ந்து மார்க் போடுவார்கள். நான் கேமரா பிடிப்பேன்.

முதல் சுற்றில் அவரவர் மாணவர்களுக்கு அவரவர் ஆசிரியர்களே மார்க் போட்டார்கள். மூன்று இடமும் நூற்றை உரசிக்கொண்டு நின்றன. வடசென்னையில் இப்படி ஓர் ஒற்றுமை நிலவுகிறது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அறிக்கையை அப்படியே அனுப்பிவிட்டு நான் ஓய்வெடுக்கத் தயாராக இருந்தேன்.

"இன்னா தம்பி இது, எல்லாம் நூறு கீது?"

"நல்லா பண்ணியிருக்காங்க மேடம்."

"ஆள மாத்தி நிறுத்திப் பாரு."

அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் அதுதான். அதற்குப் பிறகு நான் சேர்த்துவைத்திருந்த ஓய்வெல்லாம் போயிற்று. எங்கள் ஆசிரியர்களை எண்ணூருக்கு அனுப்பினார். எண்ணூர்க்காரர்களைத் திருவொற்றியூருக்கு அனுப்பினார். திருவொற்றியூர்க்காரர்கள் எங்களிடம் வந்தார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ரயில் மாதிரி வரிசை பிடித்து நின்ற நாட்கள் அவை. பஸ்ஸில் உட்கார்ந்து நான் நடுவயதை எட்டியது அந்தச் சாலையில்தான். மார்க் மூன்று இடத்திலும் தரைக்கு வந்தது. தன் வீட்டு அரிசியைக் கண்ணை மூடிக்கொண்டு உலையில் போடுகிறவர்கள் சம்பந்தி வீட்டு அரிசியில் கல் பொறுக்கியதுபோல் பொறுக்கியிருந்தார்கள்.

"இப்ப பாரு. முன்ன இருந்ததும் பொய்யி. இதுவும் பொய்யி" என்றார் திருப்தியோடு. எனக்கு அந்தத் திருப்தி பிடிபடவே இல்லை. பொய் ஒன்றிலிருந்து இரண்டாக வளர்ந்தால் அதை முன்னேற்றம் என்று எண்ணுகிற மனுஷி அவர்.

அடுத்து, ஒரே வீடியோ நாடாவை எல்லோருக்கும் போட்டுக் காட்டி மார்க் போடச் சொன்னார். எனக்கும்தான். சில வாரம் கழித்து அதே நாடாவை மறுபடி போட்டார். நான் முதலில் போட்டதற்கும் பிறகு போட்டதற்கும் சம்பந்தமே இல்லை. ஏன் என்று நாங்கள் இருவரும் துப்பறிந்ததில், முதல் தடவை பார்த்தது மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், மறுதடவை பார்த்தது பரோட்டாவுக்குப் பின்னால் என்று தெரிந்தது. நியாயத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் படித்து வைத்திருந்தேன். என்னுடைய நியாயம் சால்னாவில் மிதந்துகொண்டிருந்தது.

"வெக்கப்படாத தம்பி. எல்லாருக்கும் வயிறு கீது" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, அன்று முதல் மார்க் போடுவது எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் என்று விதி போட்டார். ஆய்வில் எனக்கு முழுமனதோடு உடன்பாடு இருந்த ஒரே விதி.

இதையெல்லாம் சரிசெய்து பார்த்தபோதுதான் சிக்கல் வெளியே வந்தது. எண்ணூர்ப் பெண்கள் உண்மையிலேயே குறைவாக வாங்கியிருந்தார்கள். டாக்டர் அந்த ஊசியைப் போடச் சொன்னால் பேசாமல் நின்றார்கள். நாடாவில் செல்வி என்று ஒரு ஒல்லிப் பெண். கேஸ் ஷீட்டைப் பார்க்கிறாள், அவளுக்குத் தெரிகிறது, கை அதன் பக்கம் போகிறது, திரும்பி வருகிறது. கூட இருக்கும் பெண் "சார்..." என்று வாயெடுக்கிறாள். நெட்டையான ஹவுஸ் சர்ஜன், நாங்கள் சொல்லிக்கொடுக்காத ஒரு வாக்கியத்தைத் தானாகவே சேர்த்துக்கொள்கிறார்: "உங்களைக் கேட்டேனா?" அவ்வளவுதான். மருந்தகப் படிப்பு மாணவர் மின்விசிறியின் கம்பெனிப் பெயரை வாசிக்க ஆரம்பிக்கிறார்.

இதற்குள் நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. வார்டில் இடம் போதவில்லை. வெளியிலிருந்து வரும் மாணவிகளைக் குறைக்க வேண்டும். நம்மிடம்தான் ஆய்வு இருக்கிறதே, மார்க் குறைந்தவர்களை நிறுத்திவிடலாம். எண்ணூர்ப் பெண்களுக்கு வேறு வார்டு கிடையாது. வார்டு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, வருஷம் போகும். ஒரு வருஷம் சும்மா இருக்கிற பெண்ணை அந்தப் பக்கத்து வீடுகளில் கல்யாணம் செய்து கொடுத்துவிடுவார்கள். அவள் திரும்பி வரமாட்டாள்.

எனக்குப் பரிதாபம் பொங்கியது. ஒரு கோட்பாடும் பொங்கியது. "மேடம், இவங்க கடலோரத்துப் பொண்ணுங்க. பேசாம கூட்டு வேலை செய்யறது இவங்க வழக்கம். வலை இழுக்கறப்ப யாராவது பேசுவாங்களா? நம்ம அளவுகோல் அதைப் பிடிக்கலை" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புல்லரித்தது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வல இயுக்குறத பாத்துகீறியா?"

"இல்ல."

"எங்க குப்பத்துல வல இயுக்கறப்ப போடற சத்தத்துல காக்கா குந்தாது. ஒருத்தன ஒருத்தன் ஏழு தலமொறய இஸ்துதான் இயுப்பாங்க. சொம்மா எங்கள ஊமையாக்காத. இதுங்க பேசாதது பயம். அத்த பயம்னு எய்து."

இதுதான் அவரிடம் எனக்குப் புரியாத பகுதி, பயமாகவும் இருந்த பகுதி. சொந்த ஊர்ப் பெண்கள். தான் படித்த பள்ளி. ஒரு சாக்குக் கிடைத்தால் பற்றிக்கொள்ள வேண்டாமா? நான் தட்டில் வைத்து நீட்டிய சாக்கைக்கூட, பக்கத்துக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "வூட்ல கொயம்பு வெச்சா பக்கத்து வூட்டு கொயம்ப ஒரு கிண்ணம் வாங்கி பக்கத்துல வெச்சிக்கும் தம்பி. அவங்களுது நல்லா இருந்தா சந்தோசமா சொல்லும். எங்க வூட்டு கொயம்ப நாந்தான் தனியா துன்னணும்."

அவர் நாடாக்களோடு உட்கார்ந்தார். பெண்களைப் பார்க்கவில்லை, டாக்டர்களைப் பார்த்தார். எங்கள் கல்லூரி மாணவிகளோடு வந்த ஹவுஸ் சர்ஜன் அவர்களோடு தினமும் கேன்டீனில் பப்ஸ் பங்கு போடுகிற பையன். "அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள்" என்று அவன் சொன்னதும் ஒருத்தி சிரித்துக்கொண்டே, "டேய், கேஸ் ஷீட்டப் பாருடா லூசு" என்கிறாள். அதற்குத் 'தெளிவாகவும் துணிவாகவும் கருத்தைத் தெரிவித்தார்' என்று எல்லோரும் முழு மார்க் போட்டிருந்தோம். எண்ணூருக்குச் சொந்த டாக்டர் ஏது? எங்களிடமிருந்து போனவர் அந்த நெட்டை. அதே வாக்கியத்தை அவர் சொன்னது ஜப்தி உத்தரவு வாசிக்கிற மாதிரி இருந்தது.

"வாக்கியம் ஒண்ணுதான். தொண்ட வேற" என்றார். அடுத்து அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நானே கேமராவைத் தூக்கினேன்.

பப்ஸ் பையனை எண்ணூருக்கு அனுப்பினோம். நெட்டையை எங்கள் மாணவிகளிடம் நிறுத்தினோம். புது கேஸ் ஷீட், புது மருந்து. எண்ணூர்ப் பெண்கள் பேசினார்கள். கொஞ்சமாகத்தான், ஆனால் பேசினார்கள். எங்கள் துணிச்சல்காரி நெட்டையின் குரலைக் கேட்டதும் ஊசியை எடுத்துவிட்டாள். 'டேய்' எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"மூணு மாசமா நாம பொண்ணுங்கள அளக்கல தம்பி. டாக்டரு தொண்டய அளந்துகினு இருந்தோம்."

இதோடு முடிந்திருந்தால் அவரை எல்லோரையும்போல எனக்குப் பிடித்துப்போயிருக்கும். எண்ணூர்ப் பெண்கள் பேசிய அந்தப் புது நாடாவை அவர் நாலு ஆசிரியர்களுக்கும் இரண்டு விதமாகப் போட்டார். ஒரு தடவை சத்தத்தோடு. இன்னொரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, பேச்சை நல்ல தமிழில் எழுதிக் கையில் கொடுத்து. நாலு பேரில் அவரும் ஒருவர். கணக்குப் போட்டுக்கொண்டுபோய்க் காட்டினேன். எழுதியதைப் படித்தபோது நாலு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி போட்டிருந்தார்கள். சத்தத்தோடு கேட்டபோது மற்ற மூவரின் மார்க்கும் இறங்கியிருந்தது; பக்கத்தில் 'பேச்சில் பண்பு போதாது' என்று குறிப்பு. அவருடைய மார்க் மட்டும் ஏறியிருந்தது.

தாளை வாங்கி நாலு வரிசையையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். வெளியே ஒரு தண்ணீர் லாரி வந்து, குடங்கள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டு, அடங்கியது.

"அந்த பேச்சக் கேட்டா அவங்களுக்கு எறங்குது. எனக்கு ஏறுது. ரெண்டும் காது பண்ற வேல" என்றார். பேனாவை எடுத்துத் தன்னுடைய மார்க் வரிசை முழுவதையும் அடித்தார்.

"மேடம், அவங்க மூணு பேர் கோணலை யாரும் அடிக்கலையே. உங்களது மட்டும் ஏன்? உங்களது இருந்தா எண்ணூர் தப்பிச்சிடும். சராசரி எங்கே நிக்குதுன்னு பாத்தேன். இது போனா அவங்க போச்சு."

"என் கோணல் எனக்குத் தெரிஞ்சிபோச்சு. தெரிஞ்ச அப்புறம் எப்டி வெச்சிக்கிறது? அவங்க கோணல அவங்கதான் அடிக்கணும். போய் கேளு."

போய்க் கேட்டேன். மூவரும் தங்கள் காதுக்கு ஒன்றுமில்லை என்றார்கள்.

நிர்வாகக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணர். நறுக்கென்று முடிப்பதில் வல்லவர். அவர் முன்னால் நம் அம்மாள் நின்று, டாக்டரின் குரலை மாற்றினால் மார்க் மாறுகிறது, கேட்கிற காதை மாற்றினால் மார்க் மாறுகிறது, ஆகவே இந்த எண்களை வைத்து ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட முடியாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சுருக்கமா சொல்லுங்க சிஸ்டர். யார் ஃபர்ஸ்ட்?"

"தெரியாது சார்."

"இத்தனை நாள் அளந்தீங்களே?"

"அளந்ததாலதான் சார் தெரியாதுன்னு தெரியுது. அளக்காம இருந்தா சொல்லியிருப்பேன்."

மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடியது. யாருக்கும் அவர்மேல் விரோதமில்லை. எல்லோருக்கும் பசி. குழு, அறிக்கையின் கடைசிப் பக்கத்து அட்டவணையை மட்டும் பார்த்தது. எண்ணூர் கடைசி. வார்டுப் பயிற்சி நிறுத்திவைக்கப்படும். வேண்டுமானால் இன்னொரு தடவை சோதித்துக்கொள்ளட்டும்; தேறினால் பார்க்கலாம்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம். வழக்கம்போல என் கிளாஸை எடுத்து ஒரு வாய் உறிஞ்சி, தன் கிளாஸை என்னிடம் நகர்த்தினார். எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்வார். ஒரே பாய்லர், ஒரே மாஸ்டர், ஒரே பால் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்று சொல்லத் தெம்பில்லை.

"இனிமே நான் அளக்குற பக்கம் இல்ல தம்பி" என்றார். "கத்துக் குடுக்குற பக்கம் போறேன். அங்க கோணல் இருந்தா தப்பு இல்ல."

மதியத்துக்கு மேல் கல்லூரியில் அனுமதி வாங்கிக்கொண்டு எண்ணூருக்குப் பஸ் ஏற ஆரம்பித்தார். சில நாள் நானும் போனேன். கொடியில் காய்கிற வெள்ளைச் சீருடைகள் மாலைக்குள் சாம்பல் பூத்துவிடும் ஊர். உதறிவிட்டு அப்படியே உடுத்திக்கொள்வார்கள். பாடம் அவருடைய பழைய பாடம்தான். பெண்களை வரிசையில் நிறுத்தி, "இன்னைக்கு நீ டாக்டரு. அவள திட்டு" என்பார்.

முதல் நாள் செல்வியை டாக்டராக நிறுத்தினார். அவளுடைய அப்பா அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்ப் பராமரிப்பில் கான்ட்ராக்ட் கூலி. வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாமே பாத்துகினு நிக்கிற? ஊசி போடச் சொன்னா போட மாட்டியா? உன்ன கேட்டனா நானு? படிச்சவ நீயா நானா? கலீஜா நிக்கிறியே, ஒயுங்கா நில்லு!"

நெட்டை டாக்டர் அப்படியே வந்து நின்றதுபோல் இருந்தது, மொழி மட்டும் மாறி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே கொஞ்சம் மிரண்டு நின்றாள்.

"எப்டி இருந்துச்சு?" என்று கேட்டார் அவர்.

செல்வி யோசித்தாள். "கேக்கறவங்களுக்குதான் மேடம் பயம். திட்டறவங்களுக்கு ஒண்ணும் தெரில. சொம்மா வாய் போவுது."

"அவ்ளோதான்" என்றார். "இப்ப நீ நர்சு. வேற எவளாச்சும் டாக்டரா வாங்கடி."

மறுசோதனை நாளில் மார்க் போட ஊருக்கு வெளியிலிருந்து மூன்று ஆசிரியர்கள் வந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மூன்று இடத்துக் குழுக்களும் வந்திருந்தன; எந்த டாக்டர் எந்தக் குழுவுக்கு என்று சீட்டுக் குலுக்கினோம். அவர் உள்ளே வரவில்லை. வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தன் முகத்தைப் பார்த்தால் பெண்களுக்கு விடை தெரிந்துவிடும் என்றார். மார்க் போட்டு முடிகிறவரை உள்ளே நடந்தது எதையும் யாரும் வெளியே சொல்லக் கூடாது, அவரிடமும்கூட, என்பதும் அவர் போட்ட விதிதான்.

எண்ணூர்க் குழுவுக்குச் சீட்டில் விழுந்தது ஒரு சாதுவான பையன். ஊசியைப் போடச் சொல்வதற்கே மன்னிப்புக் கேட்பவன் மாதிரி சொன்னான். செல்வி நிமிர்ந்து நின்று, மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருப்பதைக் காட்டினாள். சுத்தமாக முடிந்தது. சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டாக்டரு எப்டி? மொறப்பா, சாதுவா?"

"அது உள்ள நடந்த விஷயம் மேடம். சொல்லக் கூடாது."

"டாக்டருக்கு மார்க் இல்ல. சொல்லு."

"சாது."

அவர் முகம் விழுந்தது. "நெட்டை யாருக்கு வுயுந்தாரு?"

"திருவொற்றியூருக்கு."

"எல்லாக் குயுவுக்கும் இன்னொரு கேஸ் வையி. டாக்டருங்கள மாத்தி நிறுத்து. இவங்களுக்கு நெட்டை வரட்டும்."

"மேடம், கையெடுத்துக் கும்பிடறேன். பொண்ணுங்களுக்கு வார்டு கிடைக்கப்போற நேரம். விட்டுடுங்களேன்."

"நாளைக்கு வார்டுல சாது டாக்டரா பொறுக்கி எடுத்தா டியூட்டி போடுவாங்க இதுங்களுக்கு? பெட்டுல கெடக்குறது பொம்மையா இருக்காது தம்பி."

உள்ளே போய்ச் சொன்னேன். வெளியூர் ஆசிரியர்கள் பெருமூச்சு விட்டார்கள். சாப்பிட்டு முடித்திருந்ததால் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டாவது கேஸில், டிரிப்பில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து. நெட்டை உள்ளே வந்தார். "இதை நேராக நரம்பில் போட்டுவிடுங்கள்." அதே ஜப்திக் குரல். கூட இருந்த பெண் பழக்கதோஷத்தில் ஊசியை எடுத்துவிட்டாள். கேமராவில் செல்வியின் கை கேஸ் ஷீட் பக்கம் போய், திரும்பாமல் அங்கேயே நிற்பது தெரிந்தது. மருந்தகப் படிப்பு மாணவர் மின்விசிறியைத் தேடினார். நான் மனதுக்குள் அந்த அம்மாளைத் திட்டினேன். சரளமாகவே திட்டினேன்.

"யக்கா, அத்த கீழ வையி" என்றாள் செல்வி. குரல் சன்னமாகத்தான் இருந்தது. அந்தப் பெண் வைத்தாள். "சார், இத்த நேரா போடக் கூடாது. டிரிப்ல கலந்துதான் போடணும்."

நெட்டைக்கு அந்தப் பழைய வாக்கியம் தானாகவே வந்தது. "உங்களைக் கேட்டேனா?"

"நீங்க கேக்கல சார். நாந்தான் சொல்றேன்."

மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கி மருந்தகப் படிப்பு மாணவர், "ஆமா சார், அவங்க சொல்றது சரி" என்றார். ஆய்வு தொடங்கியதிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையை உயர்த்தினார். "சொல்லாத."

"சொல்லல."

"டாக்டரு சத்தம் ரெண்டு தபா கேட்டுச்சு. நடுவுல ஒண்ணும் கேக்கல." அவர் குரலில் ஈரமே இல்லை. அவளுடைய குரல் கதவைத் தாண்டியிருக்காது. அவர் காதில் விழுந்ததெல்லாம் மிரட்டலும், மௌனமும், மறுபடி மிரட்டலும்தான். விதியைப் போட்டவர் அவரே. நான் தின்கிற சம்பளத்துக்கு ஒருநாளாவது விசுவாசமாக இருப்போம் என்று வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். டீ வந்தது. அவர் எடுக்கவில்லை. நானே என் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி, அவருடையதை எடுத்துக்கொண்டேன். அப்போதும் குடிக்கவில்லை.

கதவு திறந்தது. பெண்கள் தலையைக் குனிந்தபடி வரிசையாக வந்தார்கள். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று சொல்லியிருந்தோம். அவர் முன்னால் அவர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வகுப்பிலோ வராந்தாவிலோ பஸ் நிறுத்தத்திலோ, சுவரில் முதுகு படாமல் நிற்பார்கள். செல்வி கடைசியாக வந்தாள். பெஞ்சைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க மேடம். நானும் உக்காரணும்."

அவர் தள்ளி உட்கார்ந்தார். செல்வி உட்கார்ந்தாள். நான் பெஞ்சின் விளிம்புக்குப் போய்ப் பாதி அந்தரத்தில் இருந்தேன். எண்ணூர்ப் பெண்களுக்கு வார்டு திரும்பக் கிடைத்தது என்பது பிறகு குழு கூடி, கடிகாரம் பார்த்து, முறைப்படி வந்த செய்தி. அவர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு அந்தப் பெண்ணின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, அலுத்துப்போன குரலில் சொன்னார்:

"இத்தயும் மார்க்குல சேத்துடாத."